ரோபோவுக்குப் பேய் பிடித்த கதை

"தம்பி, நீ உடனே கிளம்பி வா. வீட்ல ஒரு பஞ்சாயத்து."

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அக்காவிடமிருந்து இப்படி ஒரு போன் வந்தால் என்ன அர்த்தம்? ஒன்று, அத்தான் மறுபடியும் ஏதாவது சீட்டில் பணம் போட்டிருக்க வேண்டும். அல்லது கிணற்று மோட்டார் ரிப்பேர். இரண்டுக்குமே நான் லாயக்கில்லாதவன். படித்தது பி.காம். ஆனாலும் தாய்மாமன் என்று ஒரு பதவி இருக்கிறதே, சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ரிட்டயர்மென்ட்டும் கிடையாது. சிம்மக்கல்லிலிருந்து ஸ்கூட்டரைக் கிளப்பி, ஏ.வி. பாலம் தாண்டி, கோரிப்பாளையம் நெரிசலில் அரைமணி நேரம் புகை குடித்து, தல்லாகுளம் போய்ச் சேர்ந்தேன். இது நடந்தது 2024 பிப்ரவரியில்.

ஹாலில் மூன்று பேர் மூன்று மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், மொசைக் தரையில், டிபன் பாக்ஸ் சைஸில் ஒரு வஸ்து. இரண்டு சக்கரம், மேலே தேர்த்திருவிழாத் தோரணம் மாதிரி சிவப்பும் மஞ்சளுமாக ஒயர்கள்.

"மாமா, இதுக்குப் பேய் பிடிச்சிருச்சு" என்றான் அக்கா மகன்.

அவன் மூன்றாம் வருஷம் இன்ஜினீயரிங். ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் ரோபோ போட்டி. டீமில் மூன்று பேர். இவன் கேப்டன், அதாவது பேசுவான். எஸ்.எஸ். காலனியிலிருந்து வரும் பெண் புரோகிராம் எழுதுவாள். மூன்றாவது ஆள் மேலூர்ப் பக்கத்துப் பையன். சால்டரிங், ஒயரிங், மெக்கானிக் வேலை எல்லாம் அவன். மூன்று மூலைகளில் அவன் மூலையில் மட்டும் ஒரு பை ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. மாட்டுத்தாவணி போய் பஸ் ஏறப் போகிறானாம்.

பஞ்சாயத்து இதுதான். போட்டியின் பெயர் லைன் ஃபாலோயர். வெள்ளைத் தரையில் கறுப்புக் கோடு போட்டிருப்பார்கள். ரோபோ அந்தக் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். அதன் வயிற்றுக்கு அடியில் ஐந்து ஜோடிக் கண்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று, நம் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ரா ரெட் வெளிச்சத்தைத் தரையில் அடிக்கும். இன்னொன்று திரும்பி வருவதை அளக்கும். வெள்ளை திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். கோடு இடது கண்ணுக்குக் கீழே போனால் இடது சக்கரத்தை மெதுவாக்கு, வலதை விரட்டு. வலது பக்கம் போனால் உல்டா. செங்கோண வளைவு வந்தால் ஒரு சக்கரம் முன்னே, மற்றது ரிவர்ஸ். அவ்வளவுதான் வித்தை. இதற்கெல்லாம் மூளை ஆர்டுய்னோ என்ற நீலப் பலகை. 2005-ல் இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில் பிறந்தது. அந்த ஊரில் இருந்த ஒரு பாரின் பெயரை வைத்தார்களாம். நம் ஊரில் பிறந்திருந்தால் ஏதாவது ஜிகர்தண்டாக் கடை பெயராக இருந்திருக்கும்.

வீட்டில், சார்ட் பேப்பரில் ஒட்டிய கோட்டில், ஒரு வாரமாக அழகாக ஓடிய ரோபோ, அன்று பகலில் போட்டி மைதானத்தில் மூன்றாவது வளைவில் டக்கென்று நின்றது. ஒரு விநாடி யோசித்தது. பிறகு இடமும் வலமுமாகச் சாமி வந்த மாதிரி ஆடியது. அப்புறம் கோட்டையே விட்டுவிட்டு நடுவர் காலை நோக்கி ஓடியது. மூன்று தடவையும் இதே கதை. இருந்தாலும் ஃபைனலுக்குத் தேர்வாகிவிட்டார்கள். எப்படி என்று கேட்காதீர்கள். மற்ற ரோபோக்களில் பல கிளம்பவே இல்லையாம்.

ஃபைனல் ஞாயிறு காலை பதினொரு மணி.

"இவன் சால்டரிங்தான் மாமா காரணம். எங்கயோ லூஸ் கனெக்‌ஷன்" என்றான் கேப்டன்.

"என் கோட்ல தப்பில்ல அங்கிள். வீட்ல ஓடுதே" என்றாள் அந்தப் பெண்.

மேலூர்ப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. சாயந்திரத்திலிருந்து மூன்று தடவை எல்லா இணைப்பையும் பிரித்துத் திரும்பப் பற்றவைத்திருக்கிறான். விரல் நுனியில் கொப்புளம். அக்கா என்னைச் சமையல்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் சொன்னாள்: "அந்தப் பிள்ளை போட்ட ரெண்டாயிரம் ரூபா அவங்கம்மா மகளிர் குழுவுல லோன் எடுத்துக் குடுத்ததாம்டா. நம்ம பையன் அதுகூடத் தெரியாம வாய்க்கு வந்ததைப் பேசிட்டான்."

எனக்கு எலெக்ட்ரானிக்ஸில் ஃபியூஸ் போடத் தெரியும், அதுவும் மெயினை அணைத்த பிறகு. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். அது ட்ரயல் பேலன்ஸ்.

ஆடிட்டர் ஆபீஸில் எடுபிடியாக இருந்த காலத்தில், பற்றும் வரவும் டேலி ஆகாமல் ராத்திரி பன்னிரண்டு வரை உட்கார்ந்திருக்கிறேன். அங்கே ஒரு பெரியவர் இருந்தார். டேலி ஆகவில்லை என்றால் அவர் யாரையும் திட்டமாட்டார். வித்தியாசம் எவ்வளவு என்று மட்டும் கேட்பார். ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிறதா? அப்படியானால் எவனோ இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கலாம். 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. ஒன்பதால் வகுபடவில்லையா? பாதியாக்கிப் பார். வித்தியாசம் 600 என்றால், 300 ரூபாய் எங்கேயாவது பற்றில் போடுவதற்குப் பதில் வரவில் ஏறியிருக்கும். ஆளைத் தேடாதே, தப்பின் முகஜாடையைப் பார் என்பது அவர் சித்தாந்தம். அதிலும் பிடிபடாவிட்டால் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

இதை எடுத்துவிட்டேன். மூன்று பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஆனால் மேலூர்ப் பையன் மட்டும் பையைக் கீழே வைத்தான்.

"சார், அப்போ முதல்ல அந்தப் பேயை இங்க வரவழைக்கணும். இங்க வராத வரைக்கும் எதையும் கண்டுபிடிக்க முடியாது" என்றான்.

நியாயம். கிளினிக்குக்குப் போனதும் காணாமல் போகும் பல்வலியை எந்த டாக்டரும் பார்க்க முடியாது. வீட்டுக்கும் மைதானத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதிப் பார்த்தோம். அங்கே ஃப்ளெக்ஸில் அச்சடித்த கோடு, இங்கே சார்ட் பேப்பர். அங்கே ஃபோகஸ் லைட், இங்கே டியூப் லைட். அங்கே செங்கோண வளைவு, இங்கே வட்டமான வளைவு.

ராத்திரி பத்து மணிக்கு ஃப்ளெக்ஸுக்கு எங்கே போவது? ஸார், இது மதுரை. இந்த ஊரில் எந்த ராத்திரியும் கிடைக்கக்கூடிய பொருள்கள் இரண்டு, இட்லியும் ஃப்ளெக்ஸும். பக்கத்துத் தெருவில் முந்தின வாரம் நடந்த காதணி விழாவின் ஃப்ளெக்ஸ் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கேட்டு வாங்கி வந்து கவிழ்த்துப் போட்டோம். கீழே தாய்மாமன்கள் பதினொரு பேர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருக்க, மேலே வெள்ளைப் பரப்பு. அதில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் செங்கோண வளைவுகள் போட்டோம். அத்தானின் பழைய அறுபது வாட்ஸ் குண்டு பல்பு டேபிள் லாம்ப்பை ஃபோகஸ் லைட்டாக்கினோம்.

ரோபோவை விட்டோம். முதல் வளைவிலேயே சாமி வந்துவிட்டது. மூன்று பேரும் கைதட்டினார்கள். தப்பு வந்ததற்குக் கைதட்டுவதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

முதல் சந்தேகம் வெளிச்சத்தின் மேல். குண்டு பல்பு வெளிச்சத்திலும் வெயிலிலும் இன்ஃப்ரா ரெட் ஏராளமாக உண்டு. தன் விளக்கிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் எது, பல்பிலிருந்து வருவது எது என்று ரோபோவின் கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் திரையில் எண்களைப் பார்த்தோம். லாம்ப்பைக் கிட்டே கொண்டுபோனால் கறுப்புக் கோட்டின் மேலேயே வெள்ளைக்கான எண் காட்டியது. ஆஹா! கறுப்பு சார்ட்டை வெட்டி ரோபோவின் இடுப்பைச் சுற்றிப் பாவாடை கட்டினோம். எண்கள் அடங்கின. வெற்றி என்று அக்காவிடம் டீ கேட்டோம்.

மறுபடி விட்டோம். வளைவில் மறுபடி ஆட்டம்.

இங்கேதான் மனசு விட்டுப்போகிறது. ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டோம், அது நிஜமான தப்புதான், ஆனால் நாம் தேடி வந்த தப்பு அது இல்லை. கேப்டன் மறுபடியும் மேலூர்ப் பையனின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான். அக்கா அவன் கையில் முறுக்கைத் திணித்தாள்.

டீ கொதிக்கிற நேரத்தில் உங்களுக்கு வேறு சில கதைகளைச் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு தேடிப் படித்தவை. ரோபோவுக்குப் பேய் பிடிப்பது தல்லாகுளத்தில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை.

2005 அக்டோபர் 8. அமெரிக்காவில் மொஹாவி பாலைவனம். டிரைவர் இல்லாமல் தானே ஓடும் வண்டிகளுக்குப் பந்தயம். தூரம் ஏறக்குறைய 212 கிலோமீட்டர், பரிசு 20 லட்சம் டாலர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து மாணவர்கள் ஒரு பிக்-அப் வண்டியோடு வந்திருந்தார்கள். அவர்களுக்கு வாத்தியார் யார் தெரியுமா? கணக்கும் நிதியும் சொல்லித்தரும் துறைப் பேராசிரியர். காமர்ஸ்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம். ஆனால் அந்த வண்டி பதினைந்து கிலோமீட்டர் சுமாரில் படுத்துவிட்டது. காரணம், வழியில் கண்ட ஒவ்வொரு கல்லையும் புதரையும் ஞாபகத்தில் குறித்துக்கொண்டது. தாண்டிப் போனதும் அழித்திருக்க வேண்டும். அழிப்பதற்கான வரியும் புரோகிராமில் இருந்தது. ஆனால் வேறொரு மூலையில் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வரி நின்றது. ஆகவே எதுவும் அழியவில்லை. எங்கள் பெரியப்பா, தன் கல்யாணத்தில் மாமனார் வீட்டுச் சீரில் ஒரு குத்துவிளக்கு குறைந்ததை நாற்பது வருஷமாக ஞாபகம் வைத்திருக்கிறார். அவருக்குப் பெரிய மூளை. பாவம், கம்ப்யூட்டருக்கு அவ்வளவு இடமில்லை. நினைவு நிரம்பி, மூச்சுத்திணறி, நின்றுவிட்டது.

அதே பந்தயத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'ஹைலாண்டர்' என்ற ராட்சஸ ஹம்மர் முன்னணியில் போய்க்கொண்டிருந்தது. நடுவழியில் இன்ஜின் சோர்ந்தது. மேட்டில் ஏறவே முக்கியது. ஸ்டான்ஃபோர்டின் 'ஸ்டான்லி' தாண்டிப் போய் ஜெயித்துவிட்டது. ஹைலாண்டர் சுமார் இருபது நிமிஷம் பின்தங்கி மூன்றாவது. ஏன் சோர்ந்தது என்று யாருக்கும் புரியவில்லை. ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் இல்லை, பன்னிரண்டு வருஷம் கழித்து, 2017-ல்தான் குட்டு வெளிப்பட்டது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்கும் டீசல் பாய்ச்சும் இன்ஜெக்டருக்கும் நடுவே ஒரு சின்ன ஃபில்டர். அதை அழுத்தினால் இன்ஜின் சோர்கிறது, அணைகிறது. பந்தயத்துக்குச் சில வாரம் முன்னால் சோதனை ஓட்டத்தில் அந்த வண்டி ஒரு தடவை குட்டிக்கரணம் அடித்திருந்தது. அதில் அடிபட்டிருக்கலாம் என்கிறார்கள். இருபது லட்சம் டாலர் ஸார், ஒரு ஃபில்டரில் போயிற்று.

செவ்வாய்க்கும் போய் வருவோம். 1997 ஜூலை 4-ல் இறங்கிய பாத்ஃபைண்டர் சில நாளில் தானாகவே அணைந்து அணைந்து எழ ஆரம்பித்தது. காரணத்தை ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். ரெக்கார்டு ரூம் சாவி பியூன் கையில். எம்.டி.க்கு அவசரமாக ஒரு ஃபைல் வேண்டும். பியூன் ரூமைவிட்டு வெளியே வந்தால்தான் எம்.டி. உள்ளே போகலாம். ஆனால் நடுவில் இருக்கும் ஹெட் கிளார்க், பியூனை வெற்றிலை வாங்கி வா, வடை வாங்கி வா என்று விரட்டிக்கொண்டே இருக்கிறார். எம்.டி. ஹெட் கிளார்க்கைவிடப் பெரியவர்தான், ஆனாலும் வாசலில் நிற்கிறார். ரொம்ப நேரம் எம்.டி. கையெழுத்து வரவில்லையே என்று பார்த்த வாட்ச்மேன், ஆபீஸில் ஏதோ விபரீதம் என்று மெயினை அணைத்து மறுபடி போடுகிறான். வானிலை அளக்கும் வேலைதான் அங்கே பியூன். தீர்வு ஒரு வரி: எம்.டி. காத்திருக்கும்போது பியூனுக்குத் தற்காலிகமாக எம்.டி. அந்தஸ்து; யாரும் அவனை வடை வாங்க அனுப்பக்கூடாது. அந்த மாற்றத்தைப் பூமியிலிருந்தே அனுப்பிச் சரிசெய்தார்கள். இதில் வேடிக்கை, கிளம்புவதற்கு முன் பூமியில் சோதித்தபோதே இது அபூர்வமாகத் தலைகாட்டியிருக்கிறது. ஏதோ ஒரு தடவை என்று விட்டுவிட்டார்கள்.

நம் கதையும் உண்டு. 2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2 லேண்டர் இறங்கும்போது இன்ஜின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகத் தள்ளின. பிழை சேர்ந்துகொண்டே போனது. அதைச் சரிசெய்ய வேகமாகத் திரும்ப வேண்டும்; ஆனால் இவ்வளவு வேகத்துக்கு மேல் திரும்பாதே என்று புரோகிராமில் கட்டுப்பாடு. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். இதை இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் பிற்பாடு ஒளிக்காமல் சொன்னார். எதெல்லாம் தப்பாகப் போகலாம் என்று முதலில் பட்டியல் போட்டுக்கொண்டு சந்திரயான்-3-ஐக் கட்டினார்கள். விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து, 2023 ஆகஸ்ட் 23 அன்று இறக்கிவிட்டார்கள்.

டீ வந்துவிட்டது.

"அந்த வீடியோவை இன்னொரு தடவை போடு" என்றான் மேலூர்ப் பையன். பகலில் செல்போனில் எடுத்த வீடியோ. மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். நிற்கிறது. இடம், வலம், இடம், வலம். பிறகு ஓடுகிறது.

புரோகிராம் பெண் டம்ளரைக் கீழே வைத்தாள். "அங்கிள், இது பேய் ஆட்டம் இல்ல. நான் எழுதுன ஆட்டம்!"

ரோபோவை ஆன் செய்தவுடன் அது இப்படி இரண்டு தடவை அசைந்து, எது கறுப்பு எது வெள்ளை என்று கண்ணைப் பழக்கிக்கொள்ளும். அதற்காக அவளே எழுதிய வரிகள். அந்த ஆட்டம் நடுவழியில் வருகிறது என்றால்? ரோபோ வளைவில் ஒரு கணம் செத்து, மறுபடி பிறக்கிறது என்று அர்த்தம். கோட்டை விட்டு விலகிய இடத்தில் கண்ணைப் பழக்கிக்கொள்வதால், அதன் பிறகு அதற்குக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றுதான். தப்பின் முகஜாடை கிடைத்துவிட்டது. பகலெல்லாம் கண்ணெதிரே ஆடியிருக்கிறது, பதட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"வளைவுல ஏண்டா சாகணும்?" என்றான் கேப்டன்.

மேலூர்ப் பையன் கொஞ்ச நேரம் சீலிங்கைப் பார்த்தான். "எங்க தோட்டத்துல பம்ப்செட் போட்டா ஷெட்டுல தொங்குற பல்பு மங்கிரும்டா. ரெண்டு விநாடி. அப்புறம் மோட்டார் வேகம் புடிச்சதும் பளிச்சுன்னு ஆயிரும்."

யாரும் பேசவில்லை.

"வோல்டேஜ் கம்மியா இருக்கிற அன்னிக்குப் போட்டா பல்பு அணைஞ்சே போயிரும்" என்றான்.

நின்றுகொண்டிருக்கும் மோட்டார் கிளம்பும்போது கரண்ட்டை மொண்டு குடிக்கும். பம்ப்செட் மாதிரி மோட்டார் சாதாரணமாக ஓடும்போது எடுப்பதைப் போல் ஐந்து ஏழு மடங்கு வரைகூட ஆரம்பத்தில் இழுக்கும். ரோபோவின் குட்டி மோட்டாரும் ஜாதியில் அதற்குத் தம்பிதான். வட்ட வளைவில் சக்கரம் மெதுவாகிறது, அவ்வளவே. செங்கோண வளைவில் முன்னே ஓடிக்கொண்டிருந்த சக்கரம் சடாரென்று ரிவர்ஸில் திரும்ப வேண்டும். அந்த நிமிஷம் பேட்டரியின் வோல்டேஜ் விழுகிறது. அதே பேட்டரியில் உயிர்வாழும் மூளைக்குச் சாப்பாடு இல்லை. ஒரு அளவுக்குக் கீழே போனால் அந்தச் சிப் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும்.

அவன் பையைத் திறந்து மல்ட்டிமீட்டரை எடுத்தான். பேட்டரியில் முனைகளை வைத்தான். 7.9 வோல்ட். ஜம்மென்று இருக்கிறது. பிறகு ஓடும் சக்கரம் இரண்டையும் அந்தப் பெண்ணை விரலால் பிடித்து நிறுத்தச் சொன்னான். 7.9 மளமளவென்று இறங்கி நாலுக்கும் கீழே போயிற்று. விட்டதும் மறுபடி 7.9. எத்தனை தடவை செய்தாலும் அதே.

"நல்ல செல்லுன்னா இவ்வளவு விழாதே. சால்டரிங் ஓகேதான் போல..." என்று கேப்டன் குரல் இறங்கியது.

செல்களைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார்கள். விரல் தடிமனுக்கு இரண்டு லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். மேலே நீல உறை. அதில் தங்க எழுத்தில் 9800 மில்லி ஆம்பியர்-மணி.

"இந்த சைஸ்ல நல்ல கம்பெனி செல்லே 3500 வாக்குலதான் இருக்கும். 9800 எல்லாம் சும்மா அச்சடிக்கிறது. பழைய செல்லுக்குப் புதுச் சட்டை" என்றான் மேலூர்ப் பையன். "யாருடா வாங்குனது?"

காமர்ஸ் பாடத்தில் இதற்கு விண்டோ டிரெஸ்ஸிங் என்று பெயர். கம்பெனி உள்ளே காலியாக இருக்கும், பேலன்ஸ் ஷீட்டில் கொழுத்திருக்கும். வெளியிலிருந்து அளந்தால் எல்லாம் 7.9. கடன்காரன் கழுத்தைப் பிடித்தால்தான் நாலுக்குக் கீழே என்று தெரியும். இதை விளக்கமாகச் சொல்ல அருமையான சந்தர்ப்பம். ஆனால் நான் சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

வாங்கியது நான்தான், ஸார்.

மூன்று வாரம் முன்னால், ஒரிஜினல் செல் இரண்டு 800 ரூபாயாம் என்று அக்கா மகன் பணத்தை நீட்டியபோது, "அட, எங்கிட்ட விடுடா, பேரம் பேசத் தெரியாத பசங்க" என்று வாங்கிக்கொண்டு போனேன். 240 ரூபாய்க்கு முடித்தேன். மீதி 560-ஐத் திருப்பிக் கொடுத்து, அக்கா முன்னால் மீசையையும் தடவிக்கொண்டேன். கமிஷன் ஒரு பைசா எடுக்கவில்லை. ஆனால் "ஒரிஜினல்தானே மாமா?" என்று கேட்டதற்கு, "பின்னே?" என்று சொன்னது நான்தான்.

பேசாமல் இருந்திருக்கலாம். கேப்டனுக்கு ஞாபகம் வராது, அவன் கோபம் அவன் கடை கடையாய் அலைந்ததாகவே நினைக்க வைத்திருக்கும். ஆனால் அந்தப் பையன் விரல் கொப்புளத்தை ஊதிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தாம்ப்பா வாங்கினேன்" என்றேன்.

அக்கா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த பார்வையை இங்கே அச்சிட முடியாது. அக்கா மகன் எழுந்து மேலூர்ப் பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஸாரி மாப்ள" என்றான். "சரி விடு, ஒயரைப் புடி" என்றான் அவன். அந்த வயசில் எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது!

மணி ஒன்று. தூங்காநகரத்தில் சுடச்சுட இட்லி கிடைக்கும், பரோட்டா கிடைக்கும். நல்ல லித்தியம் செல் கிடைக்காது. ஆகவே வைத்தியத்தை மாற்றினார்கள். மூளைக்கும் மோட்டாருக்கும் தனிக்குடித்தனம். மோட்டார்கள் என் நீலச்சட்டை செல்லிலேயே கிடந்து திண்டாடட்டும். மூளைக்கு அக்காவின் பவர் பேங்க்.

வைத்தவுடன் ஓடியதா? இல்லை. சக்கரம் கண்டபடி துடித்தது. இரண்டு தனித்தனி பேட்டரி என்றால் இரண்டின் நெகடிவ் முனையையும் ஒன்றாக இணைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் மூளை 'ஐந்து வோல்ட்' என்று சொல்வதை மோட்டார் போர்டு எதிலிருந்து ஐந்து என்று அளக்கும்? இரண்டு பேரேட்டுக்கும் ஒரே ஆரம்ப இருப்பு வேண்டும் என்பது மாதிரி. ஒரு ஒயர் போட்டான். ஓடியது. அரை நிமிஷத்தில் அணைந்தது. இது என்ன புதுப் பேய்? பவர் பேங்க்கின் புத்திசாலித்தனம். கரண்ட் கொஞ்சமாக இழுத்தால், சரி, செல்போன் சார்ஜ் ஏறி முடிந்தது போல என்று நினைத்துத் தானே கடையைச் சாத்திவிடுகிறது. அதை ஏமாற்ற, இன்னும் கொஞ்சம் கரண்ட் குடிக்கட்டும் என்று நாலைந்து எல்.ஈ.டி. பல்புகளைச் சும்மா எரியவிட்டார்கள். ரோபோ சித்திரைத் திருவிழாப் பூப்பல்லக்கு மாதிரி ஜொலித்தது. கடைசியில் அந்தப் பெண், ரிவர்ஸ் போடும் முன் ஒரு கண்ணிமைப்பு நேரம் சக்கரத்தை நிறுத்திப் பிறகு படிப்படியாக வேகம் ஏற்றும்படி எழுதினாள். இதையும் பம்ப்செட்காரர்கள் ஸ்டார்ட்டரில் செய்கிறார்கள் என்று மேலூர்ப் பையன் சொன்னான்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் மாற்றினார்கள், அதைச் சொல்ல வேண்டும். ஒரு மாற்றம், ஐந்து ஓட்டம், நோட்டில் ஒரு வரி. இரண்டு மாற்றத்தைச் சேர்த்துச் செய்யலாமே என்று நான் சொன்ன யோசனை ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது. மூன்றரை மணிக்குத் தாய்மாமன்கள் பதினொரு பேரின் முதுகில் இருபது சுற்று நிற்காமல் ஓடியது. நாலு மணிக்கு கோரிப்பாளையம் பக்கம் போய் ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டோம்.

மறுநாள் ஃபைனல். நானும் போனேன், செலவுக்கு ஆள் வேண்டுமே. முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதில் மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மட்டும் பார்த்தேன். ஒரு கண்ணிமைப்பு நின்றது, திரும்பியது, போய்க்கொண்டே இருந்தது. பவர் பேங்க்கின் கனத்தால் வேகம் குறைவு. முதல் இரண்டு டீம்களின் ரோபோ சிட்டாகப் பறந்தன. எங்களுடையது அழகர் கோயில் மலையில் ஏறும் டவுன் பஸ் மாதிரி சாவதானமாக வந்து சேர்ந்தது. ஆனால் முழுப் பாதையும் ஓடியவை மொத்தமே மூன்றுதான்.

மூன்றாம் பரிசு 5,000 ரூபாய். மூன்று பேருக்கும் ஆளுக்கு 1,666. மகளிர் குழுக் கடன் 2,000-க்கு 334 குறைந்தது; செல் வாங்கிய பாவத்துக்கு அதை நான் போட்டேன். வாங்க மாட்டேன் என்று அந்தப் பையன் ரொம்ப நேரம் அடம்பிடித்தான். "தண்டம்னு நினைச்சு வாங்கிக்கப்பா" என்றதும், "சரிங்க மாமா" என்று பையில் வைத்துக்கொண்டான். அதுவரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தான்.

5,000-ஐ மூன்றால் வகுத்ததில் இரண்டு ரூபாய் மிச்சம் வந்தது. அதை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் வைத்திருக்கிறேன்.